இருபத்து நான்காவது புத்தகம்

டிசம்பர் 2

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நாற்பது வயதானவனைக் குட்டி என்று கூப்பிடுவதா என்று முகம் சுளிப்பாய். புத்தக அட்டையில் இருக்கிற பெயரை எழுதினால் யாரோ அதிகாரிக்கு விண்ணப்பம் போடுகிற மாதிரி இருக்கிறது.

போனில் சொல்லலாம்தான். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்ததில் என் இடது காது போயே போய்விட்டது. வலது காது அதற்குத் துணைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நீ "சாப்பிட்டியா" என்றால் "கூப்பிட்டியா" என்று கேட்கிறது. அதனால் கடிதம்.

தெருமுனை நூலகத்தில் போன ஜனவரியில் ஆரம்பித்த வாசிப்புப் போட்டி முடியப்போகிறது. மாதம் இரண்டு புத்தகம், வருஷத்துக்கு இருபத்து நான்கு. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வெயில் வருவதற்குள் ஓடிவிட்டார்கள். நான் இருபத்து மூன்று முடித்துவிட்டேன். ஒரு கப்பல் கதை படித்தேன்; நூறு பக்கம் ஆகியும் கப்பல் கிளம்பவில்லை. ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் சமையல்காரன்தான் என்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் செத்துப்போனதே அவன்தான். ஒரு காதல் கதைக்கு அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

நான் ஏன் சேர்ந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. உன் நாவல் வந்த புதிதில் எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்தில் மழை பெய்தது. இரண்டாம் பக்கத்திலும் பெய்தது. யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒன்றும் பிடிபடவில்லை. தூங்கிவிட்டேன். மறுவாரம் நீ வந்து, "படிச்சியாம்மா?" என்று கேட்டாய். "ரொம்ப நல்லா இருக்குடா" என்றேன். பொய். உன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெற்ற பிள்ளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதை வாசிக்கத் தெரியாத ஜென்மமா நான்? அதுதான், மற்றவர்கள் புத்தகத்தில் கையைப் பழக்கிக்கொண்டு கடைசியில் உன்னுடையதை எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இருபத்து நான்காவது உன் நாவல். நாளைக்கு ஆரம்பிக்கிறேன். ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை நிறைவுக் கூட்டம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. நீயும் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

அன்புடன்,
அம்மா


டிசம்பர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ என் புத்தகத்தைப் படித்துவிட்டாய் என்றுதான் இந்த ஒரு வருஷமும் இருந்தேன்.

சொன்னால் கேள், அம்மா. அது உனக்கான புத்தகம் இல்லை. இழுத்து இழுத்து எழுதியிருக்கிறேன். நடையும் கரடுமுரடு. இப்போது எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன். இருபத்து மூன்று புத்தகம் படித்த களைப்பில் இதையும் தூக்கிச் சுமக்காதே. நல்ல பயணக் கதை ஒன்று பார்சலில் அனுப்புகிறேன், படங்களோடு. அதையே இருபத்து நான்காவதாக வைத்துக்கொள். கூட்டத்தில் அந்தக் காதல் கதையைப் பற்றிப் பேசு.

ஒருவேளை ஆரம்பித்துவிட்டாய் என்றால், எங்கே இருக்கிறாயோ அங்கேயே நிறுத்து. நான் வந்து உட்கார்ந்து பேசுகிறேன். அடுத்த வாரம் முடியாது, ஒரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கடுத்த வாரம் நிச்சயம் வருகிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். உன் மருமகள் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

குட்டி


டிசம்பர் 19

எழுத்தாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் ஒன்பதாம் அத்தியாயம் வந்துவிட்டது.

இப்போதெல்லாம் எனக்கு வாசிக்கத் தெரிகிறது. மழை ஏன் இரண்டு பக்கம் பெய்கிறது என்று புரிந்தது. யார் பேசுகிறார்கள் என்பதும் புரிந்தது. கதையில் வருகிற அம்மா தபால் நிலையத்தில் ஸ்டாம்பு விற்கிறாள். கழுத்தில் பாலுண்ணி எனக்கு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

புருஷன் வேறொருத்தி வீட்டில் போய்த் தங்கிவிடுகிறான். இரண்டு மாதம் கழித்து, அவன் இல்லாத நேரம் பார்த்து, இவள் ஒன்பது வயதுப் பையனை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறாள். கூடத்தில் மீன் தொட்டி. பையனைத் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, கையில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போகிறாள். கதவு முழுசாக மூடவில்லை. பையன் பார்க்கிறான்.

நீ மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். முப்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதைக்கூட விடு. போன வருஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பது பிரதி வாங்கினேன். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில், "என் மகன் எழுதியது. அவசியம் படிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். கூட வேலை பார்த்தவர்கள், மாடி வீட்டு டீச்சர், மருந்துக்கடைக்காரர், உன் அத்தை, ஒருத்தரையும் விடவில்லை. என் பழைய சூப்பர்வைசர் ஒரு வாரம் கழித்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தாங்கியிருக்கீங்க நீங்க" என்றார். முட்டி வலியைச் சொல்கிறார் என்று நினைத்து, "இப்ப தைலம் தடவறேன், பரவாயில்ல" என்றேன். சில்லறைக்கு என்னோடு மல்லுக்கு நிற்கிற மருந்துக்கடைக்காரர் திடீரென்று பையைத் தூக்கிவந்து படிவரை விட ஆரம்பித்தார். மகன் பெரிய ஆள் ஆனதால் வந்த மரியாதை என்று பூரித்துப்போனேன். உன் அத்தை பேச்சை நிறுத்தினாள். பொறாமை என்று நினைத்தேன்.

எல்லோருக்கும் தெரியும். நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது மருந்து வாங்க வேறு தெருவுக்குப் போகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்த அத்தியாயம் இப்படி முடிகிறது: "அன்றைக்கு அம்மாவை மதிப்பதை அவன் நிறுத்தினான். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை." இது கதையா, நிஜமா?

நேரில் வர வேண்டாம். கூட்டத்துக்கும் வர வேண்டாம். எழுதினால் போதும். எழுதத்தான் உனக்கு நன்றாக வருகிறதே.

அம்மா


டிசம்பர் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலைந்து தாளைக் கிழித்துவிட்டேன்.

அது நாவல், அம்மா. வாழ்க்கையில் நடந்ததிலிருந்து ஒன்றை எடுப்போம், இன்னொன்றைச் சேர்ப்போம், ஊரை மாற்றுவோம், வேலையை மாற்றுவோம். கடைசியில் அதில் இருக்கிறவர்கள் நாமும் இல்லை, நம் வீட்டு மனிதர்களும் இல்லை. அந்தத் தபால் நிலையத்துப் பெண்ணை உருவாக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. எத்தனையோ பேர் என்னிடம், "அந்த அம்மாவை மறக்கவே முடியல" என்று சொல்லியிருக்கிறார்கள். அவளைக் கேவலமாக யாருமே பார்க்கவில்லை. பரிதாபமாகத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் உன்னிடம் காட்டியிருக்க வேண்டும். பயம். அச்சாகி வந்த பிறகு உன் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. "படிச்சியாம்மா" என்று வந்து கேட்டேன். நீ சிரித்த முகத்தோடு "ரொம்ப நல்லா இருக்குடா" என்றாய். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். படிக்கட்டில் இறங்கும்போது அழுதேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த ஒரு வருஷமும் போகிற இடமெல்லாம் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். படிக்காமலே படித்ததாக நீ ஏன் சொன்னாய்? அன்றைக்கே "புரியலடா" என்று சொல்லியிருந்தால், நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

பழியை உன் மேல் போடுவதாக நினைக்காதே. மனதில் இருந்ததை எழுதினேன். உனக்கு வலித்திருந்தால் மன்னித்துவிடு.

குட்டி


ஜனவரி 3

குட்டிக்கு,

நான் கேட்டது ஒரு வரி. நீ எழுதியது நாலு தாள். அந்த ஒரு வரிக்கு அதில் பதில் இல்லை.

பொய் சொன்னது என் தப்புதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "வலித்திருந்தால்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "இருந்தால்" எதற்கு? வலித்ததா இல்லையா என்று உனக்கு இன்னும் சந்தேகமா?

நீ பரிதாபம் என்கிறாய். முப்பது பேர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கட்டும் என்றா நான் முப்பது பிரதி கொடுத்தேன்?

நீ பொய்யாக எழுதியிருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறாய். விழுந்தேன். அந்தப் பெண்ணின் காலைப் பிடித்தேன். "எழுந்திருங்க, பையன் பாக்கறான்" என்று அவள் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். அது என் காதில் விழவே இல்லை. அப்போது காது நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், "அப்பாகிட்ட சொல்லாத" என்று உன்னிடம் சொன்னேன். அதையும் எழுதியிருக்கிறாய். நீ சொல்லவில்லை. அவர் சாகிறவரைக்கும் அவருக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கதையில் அந்த அப்பா பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாமல் தானாகத் திரும்பி வருகிறார். உன் அப்பா தானாக வரவில்லை. நான் போய்விட்டு வந்த மூன்றாம் நாள் அவள் அவரை அனுப்பிவைத்தாள். "இனிமே இங்க வராதீங்க" என்று கதவைச் சாத்தினாளாம். ஏன் என்று அவளும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தவள் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பாவை, உன் பள்ளிக்கூட மேடையில் முதல் ஆளாகக் கைதட்டின அப்பாவை, நான் அங்கே போய்க் கேட்டு வாங்கிவந்தேன்.

உனக்காகப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் நீ உருகிவிடுவாய். ஆனால் அது நிஜம் இல்லை. எனக்கு அவர் வேண்டியிருந்தது. அவ்வளவு நடந்த பிறகும் வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமே அதில்தான், விழுந்ததில் இல்லை. அதை நீ எழுதவில்லை, ஏனென்றால் நீ கேட்கவில்லை.

கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அம்மா


ஜனவரி 11

அம்மா,

நிஜம்.

மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது உன்னை மதிப்பதை நிறுத்தினேன். அதன் பிறகு நீ சொன்ன எதையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நீ சாப்பாடு கொண்டுவந்தால், பக்கத்து வீட்டு அக்கா என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியாமல், நீ எது சொன்னாலும் அப்பா பக்கம் சாய்ந்துகொள்வேன். அவர் செய்ததற்கு நீ தலைகுனிந்தாய். அதற்கு நான் உன்னைத் தண்டித்தேன். ஒன்பது வயதில் செய்ததைப் பையன் என்று விட்டுவிடலாம். முப்பத்தொன்பது வயதில் அதையே அழகான வரியாக்கி அச்சில் போட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு புத்தகத்தை எடுத்தேன். ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு அந்த அம்மா என்ன ஆகிறாள் என்று பார்க்கப் புரட்டினேன். அவள் இல்லை, அம்மா. பையன் வளர்கிறான், கல்லூரிக்குப் போகிறான், வேலை கிடைக்கிறது, கல்யாணம் ஆகிறது. அப்பா வருகிறார், நண்பர்கள் வருகிறார்கள், வீட்டுக்காரர்கூட வருகிறார். அவள் ஒரு பக்கத்திலும் இல்லை. செத்துப்போனாள் என்றுகூட எழுதவில்லை. எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. மதிப்புரை எழுதினவர்களும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவளை அந்த அறைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. டிசம்பரில் ஒரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பதாக எழுதினேன் அல்லவா? அங்கே அந்த அத்தியாயத்தைத்தான் கேட்டார்கள். நீ படிக்க ஆரம்பித்திருப்பாய் என்று தெரியும். இருந்தும் மேடை ஏறினேன். எந்த இடத்தில் குரலை இறக்கினால் கூட்டம் அடங்கும் என்று எனக்குத் தெரியும். நீ விழுகிற இடத்தில் இறக்கினேன். கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போடப்போகிறார். கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

குட்டி


ஜனவரி 20

குட்டிக்கு,

பதில் எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையில் போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா விஷயம் எனக்குப் புதிது. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம், கேட்டது நான்தானே என்று எழுந்து பாத்திரம் கழுவினேன்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். நூலகப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். "வருஷம் பூரா வந்துட்டு கடைசி நாள் வரலேன்னா எப்படிம்மா?" என்றாள். போனேன். மாடி வீட்டு டீச்சர், சூப்பர்வைசர், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். நான்தானே எல்லோரையும் அழைத்திருந்தேன், ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வருவதற்கு முன்னாலேயே.

என் முறை வந்தது. காதல் கதையைப் பற்றிப் பேசக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் எல்லோருடைய முகமும் அந்தப் பரிதாபத்துக்குப் போய்விட்டது. குறிப்பை மடித்துவிட்டேன்.

"இருபத்து நாலாவது என் மகன் எழுதின புத்தகம். அதுல ஒன்பதாம் அத்தியாயத்துல வர்றது நான்தான். உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது. படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்" என்றேன்.

அடுத்து என்ன சொல்வது என்று வரவில்லை. தைரியமாக நின்று பேசினேன் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நல்லா எழுதியிருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் ஒன்றுகூட ஆகியிருக்காது. யாரும் கைதட்டவில்லை.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வந்தார். "ஒரு மாசமா நம்ம கடைப் பக்கமே வரலியே? வேற கடையில விலை ஜாஸ்தி" என்றார். "உங்க கடையில மட்டும் கம்மியா?" என்றேன். பழையபடி சண்டை போட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அத்தியாயத்தை எடுக்காதே. எடுத்தால் நடந்தது நடக்காமல் போய்விடாது. முப்பது வீட்டில் அது என் கையெழுத்தோடு இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பொய்யாக எழுத இனி இஷ்டம் இல்லை.

ஒன்று செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. ஊர் ஊராகப் படித்ததை எனக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தரம் படி. குரலை எங்கே இறக்குவாயோ அங்கே இறக்கு. நான் கைதட்ட மாட்டேன். பாதியில் எழுந்து போகவும் மாட்டேன்.

அம்மா


பிப்ரவரி 4

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்ததை வண்டியில் சாப்பிட்டேன். உன்னோடு இருந்தபோது சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

அந்த அத்தியாயத்தை எத்தனையோ மேடையில் படித்திருக்கிறேன், மனப்பாடம் மாதிரி. உன் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அவள் உள்ளறைக்குப் போகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். நீ தண்ணீர் கொடுப்பாய், "போதும்டா" என்பாய் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். எப்பேர்ப்பட்ட கோழை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாய்.

நீ குரலை எங்கேயும் இறக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, ஒரே சீராகப் படித்தாய். அவள் விழுகிற இடம் வந்தது. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ நிறுத்தினாய். அழுகிறாய் என்று நினைத்து நிமிர்ந்தேன். நீ அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இங்க பாரு, 'காலை பிடித்தாள்'னு போட்டிருக்க. 'காலைப் பிடித்தாள்'னு வரணும். ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கு" என்றாய். பென்சில் கேட்டாய். நான் எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் அந்த எழுத்தைப் போட்டுவிட்டு, மீதியைக் கடைசி வரிவரைக்கும் படித்தாய்.

"கடைசி வரியை மட்டுமாவது எடுத்துடறேன்மா" என்றேன். "நிஜம்தானே, இருக்கட்டும்" என்றாய். இப்போது நிஜம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக ஊர் திரும்புகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது. நீ அடுப்பை மூட்டப் போய்விட்டாய். மன்னித்தாயா என்று வாசல்வரைக்கும் நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இன்று காலை பதிப்பாளருக்குத் திருத்தத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார்.

"என்ன சார், ஒரே ஒரு எழுத்துதான் இருக்கு. இதுக்காகவா இவ்வளவு நாள் நிறுத்தி வச்சீங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

குட்டி